எந்தக் கணினிக்கு எந்த விசைப்பலகை? இயந்திர விசைப்பலகைச் சந்தை குறித்த ஒரு விமர்சனப் பார்வை

இயந்திர விசைப்பலகை வாங்க முனையும் ஒருவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, "இது மேக்குக்கா, விண்டோஸுக்கா?" என்பதாகும். பெட்டியின் மீது "மேக்குக்கு ஏற்றது", "விண்டோஸுக்கு ஏற்றது", "எல்லா இயங்குதளங்களுக்கும் ஏற்றது" என்று அச்சிடப்பட்டிருக்கும். சாதாரண விசைப்பலகையைவிடப் பல மடங்கு விலை கொடுப்பவர் அந்த வரியை நம்பியே வாங்குகிறார். அந்த வரி உண்மையில் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இயந்திர விசைப்பலகை

மலிவான விசைப்பலகைகளில் எல்லா விசைகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். இயந்திர விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் சுருள்வில்லுடன் கூடிய தனித்தனி சுவிட்ச் உண்டு. ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ் சுவிட்ச் இவற்றில் மிகவும் பரவலானது. அதன் சிவப்பு, பழுப்பு, நீல வகைகளில் விசையின் முழு இறக்கம் 4 மி.மீ.; ஏறத்தாழ 2 மி.மீ. இறங்கியதுமே அழுத்தம் பதிவாகிவிடும். சிவப்பு தடையின்றி இறங்கும்; பழுப்பில் நடுவில் ஒரு சிறு தடை விரலுக்குத் தெரியும்; நீலத்தில் அத்துடன் 'கிளிக்' ஒலியும் சேரும். அதன் காப்புரிமைக் காலம் முடிந்ததும் கேட்டரான், கைல் போன்ற சீன நிறுவனங்கள் அதே வடிவில் சுவிட்சுகளைத் தயாரிக்கத் தொடங்கின. விலை குறைந்தது, விளையாட்டுப் பிரியர்களைத் தாண்டி எழுத்தாளர்கள், நிரலாளர்கள், மாணவர்கள் எனச் சந்தை விரிந்தது.

இந்த சுவிட்சுகளுக்கு இயங்குதளம் எதுவென்று தெரியாது. மேக்கில் தட்டினாலும் லினக்சில் தட்டினாலும் வில் ஒன்றுதான். எனவே ஒரு விசைப்பலகை குறிப்பிட்ட கணினிக்கு ஏற்றதா என்ற பேச்சு, சுவிட்சைப் பற்றியதாக இருக்க முடியாது. அது இடைவெளிப் பட்டையின் இருபுறமும் உள்ள சில விசைகளைப் பற்றியது.

சில விசைகளின் வரலாறு

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் விசைப்பலகையிலும், 1985 முதல் தயாரிக்கப்பட்ட புகழ்பெற்ற 'மாடல் எம்' விசைப்பலகையிலும் கண்ட்ரோல், ஆல்ட் ஆகிய இரண்டே துணைவிசைகள் இருந்தன. ஷிப்ட் எல்லோருக்கும் பொது. 1984இல் மெக்கின்டாஷ் வந்தபோது ஆப்பிள் வேறு வழியில் சென்றது. நகலெடுத்தல், ஒட்டுதல் போன்ற கட்டளைகளுக்கென்றே கமாண்ட் விசையை வைத்தது. அதன் மீதுள்ள நான்கு வளையக் குறியைத் தேர்ந்தவர் வடிவமைப்பாளர் சூசன் கேர். வட ஐரோப்பிய நாடுகளில் பார்க்கத்தக்க இடங்களைக் காட்டும் பலகைகளில் உள்ள குறி அது. பத்தாண்டுகள் கழித்து, 1994இல், மைக்ரோசாப்டின் 'நேச்சுரல்' விசைப்பலகையில் விண்டோஸ் விசை முதன்முதலாக இடம்பெற்றது.

இதன் விளைவாக இரு வரிசைகள் நிலைபெற்றன. பிசியில் இடமிருந்து வலமாகக் கண்ட்ரோல், விண்டோஸ், ஆல்ட், பிறகு இடைவெளிப் பட்டை. மேக்கில் கண்ட்ரோல், ஆப்ஷன், கமாண்ட், பிறகு இடைவெளிப் பட்டை. பிசியில் நகலெடுக்கச் சுண்டுவிரல் மூலைக்குப் போக வேண்டும். மேக்கில் கட்டைவிரல் சற்றே மடங்கினால் போதும். பார்வைக்குச் சிறிய இந்த வேறுபாடு, நாளொன்றுக்குப் பல நூறு முறை இரு கைகளும் செய்யும் அசைவைத் தீர்மானிக்கிறது. பழகிய விரலை ஒரே நாளில் மாற்ற முடியாது. இயங்குதளத்துக்கு ஏற்ற விசைப்பலகை வேண்டும் என்ற கோரிக்கையின் வேர் இங்கேதான் இருக்கிறது. அது நியாயமான கோரிக்கை.

மேக் பயனர்களின் நீண்ட காத்திருப்பு

இயந்திர விசைப்பலகை பிசி உலகத்துக்கே உரியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1987இல் ஆப்பிள் வெளியிட்ட 'எக்ஸ்டெண்டட்' விசைப்பலகையில் ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனத்தின் இயந்திர சுவிட்சுகள் இருந்தன. 1990இல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்தது. அவை ஆப்பிளுக்கே உரிய ஏடிபி இணைப்பில் இயங்கின. 1998இல் ஐமேக் யூஎஸ்பி இணைப்புக்கு மாறியபோது அந்தக் கதவு மூடப்பட்டது. யூஎஸ்பிக்கு மாறிய பின் ஆப்பிள் வெளியிட்ட விசைப்பலகைகளில் இயந்திர சுவிட்ச் கொண்டது ஒன்றும் இல்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவை சிறு நிறுவனங்கள். கனடாவின் மடியாஸ் 2000களின் முற்பகுதியில் 'டாக்டைல் ப்ரோ' என்ற விசைப்பலகையை மேக்குக்கென்றே தயாரித்தது. ஆப்ஷன் விசையுடன் சேர்த்து அழுத்தினால் வரும் சிறப்புக் குறிகளையும் விசைமூடிகளில் அச்சிட்டது. அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் மாடல் எம் மரபைத் தொடரும் யூனிகாம்ப், மேக் வரிசையில் ஒரு விசைப்பலகையை விற்றது. ஆனாலும் தெரிவுகள் மிகக் குறைவாகவே இருந்தன.

மடிக்கணினிகளில் நிலைமை வேறுவிதமாக மோசமானது. 2015 முதல் ஆப்பிள் பயன்படுத்திய மெல்லிய 'பட்டர்ஃபிளை' விசைகள் சிக்கிக்கொள்வதாகப் புகார்கள் குவிந்தன. 2018இல் ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்தது. 2019இன் இறுதியில் பழைய வகை விசைகளுக்குத் திரும்பத் தொடங்கியது. 2022இல் இது தொடர்பான வழக்கை 5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2017இல் தொடங்கப்பட்ட ஹாங்காங்கின் கீக்ரான், மேக் வரிசையைப் பின்குறிப்பாக ஒதுக்காமல் முதன்மையாக வைத்தது. பக்கவாட்டில் மேக், விண்டோஸ் என மாற்றும் ஒரு பொத்தான். பெட்டிக்குள் இரு இயங்குதளங்களுக்கும் உரிய விசைமூடிகள். இரண்டும் எளிய யோசனைகள்தாம். பெரிய நிறுவனங்கள் அதுவரை அதைப் பரவலாகச் செய்யவில்லை என்பதே இந்தச் சந்தையின் மீது வைக்கத்தக்க முதல் விமர்சனம்.

கம்பி வழியே செல்வது என்ன?

விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை, எண்ணை அனுப்புகிறது. 'ஏ' விசையை அழுத்தினால் 4 என்ற எண் செல்கிறது. அதை ஆங்கில எழுத்தாகக் கொள்வதா, தமிழ் 'அ'வாகக் கொள்வதா என்பதை இயங்குதளம் முடிவு செய்கிறது. யூஎஸ்பி தரவரையறையில் துணைவிசைகள் எட்டு: இடமும் வலமுமாகக் கண்ட்ரோல், ஷிப்ட், ஆல்ட், மற்றும் பொதுவாக 'ஜியூஐ' எனப்படும் விசை. விண்டோஸ் விசையும் கமாண்ட் விசையும் இந்த ஜியூஐ விசைதான். இரண்டும் அனுப்புவது ஒரே எண். அதேபோல் ஆல்ட்டும் ஆப்ஷனும் ஒன்றே.

ஆகவே "மேக் விசைப்பலகை" என்று விற்கப்படுவதற்கும் "விண்டோஸ் விசைப்பலகை" என்று விற்கப்படுவதற்கும் அடிப்படை வேறுபாடு, அடுத்தடுத்துள்ள இரு விசைகள் இடம் மாறியிருப்பதும், மூடிகளில் உள்ள அச்சும்தான். மேல்வரிசையில் ஒளி, ஒலி கூட்டிக் குறைக்கும் விசைகளின் வரிசையிலும் மாற்றம் இருக்கும்.

இடமாற்றம் சிறியது என்பதால் தொல்லையும் சிறியது என்று பொருளல்ல. பிசி விசைப்பலகையை மேக்கில் செருகிய ஒருவர், பழக்கத்தில் இடைவெளிப் பட்டைக்கு அடுத்த விசையுடன் 'சி'யை அழுத்தினால் நகலெடுப்பு நிகழாது. அடியில் வால் முளைத்த ஒரு பிரெஞ்சு 'சி' உரைக்குள் வந்து விழும். மேக் வரிசைக்குப் பழகியவர் அதே வரிசையுடன் விண்டோஸில் உலாவியின் முகவரிப் பெட்டிக்குப் போக நினைத்து 'எல்'லைச் சேர்த்து அழுத்தினால் திரையே பூட்டிக்கொள்ளும். விண்டோஸ் விசையே இல்லாத பழைய 101 விசை மாடல் எம்மை மேக்கில் இணைத்தால் கமாண்ட் விசைக்கு இடமே இராது. கேப்ஸ் லாக் போன்ற ஏதேனும் ஒன்றை அதற்குப் பலியிட வேண்டியிருக்கும்.

இவற்றைச் சரிசெய்யப் புதிய விசைப்பலகை தேவையில்லை. மேக்கின் அமைப்புகளில் ஒவ்வொரு விசைப்பலகைக்கும் தனித்தனியாகத் துணைவிசைகளை இடம் மாற்றலாம். விண்டோஸில் மைக்ரோசாப்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் அதைச் செய்கிறது. லினக்சில் ஆல்ட்டையும் விண்டோஸ் விசையையும் இடம் மாற்றும் அமைப்பு நெடுங்காலமாக உள்ளது. சில நிமிட வேலையைத் தனிப் பொருளாக்கி விற்பது இந்தச் சந்தையின் மீதான இரண்டாம் விமர்சனம்.

பெட்டியில் எழுதப்படாத வேறுபாடு

அப்படியானால் எல்லா விசைப்பலகைகளும் எல்லாக் கணினிகளுக்கும் ஏற்றவை என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. உண்மையான பாகுபாடு வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது.

இன்றைய இயந்திர விசைப்பலகைகள் பலவற்றில் விசைகளை மாற்றியமைக்கவும், விளக்குகளைக் கட்டுப்படுத்தவும், ஒரு விசையில் பல கட்டளைகளைப் பதியவும் நிறுவனத்தின் சொந்த மென்பொருள் தேவை. அந்த மென்பொருள் பல வேளைகளில் விண்டோஸில் மட்டுமே இயங்கும். அதே விசைப்பலகையின் பெட்டியில் "மேக், லினக்ஸ் ஆகியவற்றிலும் செயல்படும்" என்ற வரி இருக்கும். அந்த வரி பொய்யல்ல, எழுத்துகள் தட்டச்சாகும். ஆனால் விலையின் ஒரு பகுதி எந்த வசதிகளுக்காக வாங்கப்பட்டதோ, அவை பூட்டியே கிடக்கும். சில விசைப்பலகைகளில் மாற்றங்கள் பலகைக்குள் சேமிக்கப்படுவதும் இல்லை. மென்பொருள் பின்னணியில் ஓடினால்தான் பலன். கல்லூரி ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ மென்பொருள் நிறுவ அனுமதி இல்லாதவருக்கு அவை பயன்படாது.

எளிதாக மாற்றிக்கொள்ளக்கூடிய வேறுபாட்டைப் பெட்டி பெரிய எழுத்தில் சொல்கிறது. மாற்ற முடியாத வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. நுகர்வோரின் பணம் வீணாவது இந்த இடைவெளியில்தான்.

இதற்கு மாற்றாக வளர்ந்தது க்யூஎம்கே என்னும் கட்டற்ற உள்நிரல். இது விசைப்பலகைக்குள்ளேயே இருந்து இயங்குவது. ஒருமுறை விசைகளை மாற்றிப் பதிந்துவிட்டால், எந்தக் கணினியில் செருகினாலும் அதே அமைப்பு கிடைக்கும். வயா என்ற செயலி அந்த மாற்றத்தை நிரல் எழுதாமலே செய்ய உதவுகிறது. கீக்ரான் 2021இல் வெளியிட்ட க்யூ1 இந்த வசதியுடன் வந்தது. லினக்ஸ் கணினிகளை விற்கும் அமெரிக்காவின் சிஸ்டம்76 அதே ஆண்டில் 'லாஞ்ச்' என்ற விசைப்பலகையைத் திறந்த வடிவமைப்புடன் வெளியிட்டது. இங்கும் ஒரு குறை உண்டு. வயாவின் இணையப் பதிப்பு குரோம் வகை உலாவிகளையே நாடுகிறது; ஆப்பிளின் சஃபாரியில் அது இயங்காது. எனினும் ஒருமுறை அமைத்தபின் அந்த உலாவி தேவைப்படாது என்பது பெரிய ஆறுதல்.

நிறுவனங்கள் மூடிவைத்த கதவுகள்

சில தடைகளுக்கு விசைப்பலகை தயாரிப்பாளர்களைக் குறை சொல்ல முடியாது. விரல்ரேகையால் மேக்கைத் திறக்கும் 'டச் ஐடி' வசதி, 2021 முதல் ஆப்பிளின் சொந்த மேஜை விசைப்பலகையில் கிடைக்கிறது. வேறு நிறுவனத்தின் இயந்திர விசைப்பலகை எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் அதைத் தர இயலாது. மேக்குக்கு முழுமையாக ஏற்ற இயந்திர விசைப்பலகை வேண்டும் என்ற கோரிக்கைக்குத் தடையாக நிற்பது ஆப்பிளேதான்.

மைக்ரோசாப்டின் பாதை வேறு. 2024 ஜனவரியில் அது தன் செயற்கை நுண்ணறிவுச் சேவையைத் திறக்கும் கோபைலட் விசையை அறிவித்தது. பல மடிக்கணினிகளில் வலப்பக்கக் கண்ட்ரோல் அல்லது மெனு விசையின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. விசைப்பலகையின் ஒவ்வோர் இடமும் பயனரின் விரலுக்குச் சொந்தமானது. அங்கே ஒரு சேவையின் விளம்பரம் குடியேறுவது, இயங்குதளத்துக்கு ஏற்ப விசைப்பலகை அமைய வேண்டும் என்ற எண்ணத்தை அதன் எல்லைக்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

வாடாவின் வாதம்

இந்தச் சிக்கலை முன்கூட்டியே கண்டவர் ஜப்பானியக் கணினி அறிஞர் எய்ச்சி வாடா. கணினிக்குக் கணினி விசைகளின் இடம் மாறுவதைக் கண்டு சலித்த அவர், ஒவ்வொருவரும் தமக்குரிய விசைப்பலகையை வைத்துக்கொண்டு எந்தக் கணினியிலும் அதையே இணைக்க வேண்டும் என்று கருதினார். அந்த எண்ணத்திலிருந்து பிஎஃப்யூ நிறுவனத்தின் 'ஹேப்பி ஹேக்கிங்' விசைப்பலகை 1996இல் பிறந்தது. 60 விசைகள், கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில் கண்ட்ரோல். பின்னாளில் வந்த பதிப்புகளின் சிறு சுவிட்சுகளைத் தள்ளினால் மேக் முறைக்கும் மாறலாம். அதன் உயர்நிலைப் பதிப்புகளில் உள்ள டோப்ரே சுவிட்ச், கண்டிப்பான பொருளில் இயந்திர சுவிட்ச் அல்ல என்றாலும், இந்த விசைப்பலகை இயந்திர விசைப்பலகை ஆர்வலர்களின் உலகிலேயே பேசப்படுகிறது.

வாடாவின் வாதத்தில் கணினி மாறிக்கொண்டே இருக்கும், விசைப்பலகை மனிதருடன் நிலைத்திருக்கும். நல்ல இயந்திர விசைப்பலகை பத்தாண்டுகளுக்கு மேல் உழைக்கும். அதற்குள் உரிமையாளர் இரண்டு மூன்று கணினிகளை மாற்றியிருப்பார். நீண்டகாலம் வாழும் பொருளைக் குறுகியகாலம் வாழும் பொருளின் பெயரால் விற்பது முரணானது.

தமிழில் தட்டச்சு செய்வோருக்கு

இந்த வாதத்தைச் சோதிக்கத் தமிழ்த் தட்டச்சு நல்ல உரைகல். விசைப்பலகை எண்ணையே அனுப்புவதால், எந்த இயந்திர விசைப்பலகையும் தமிழ் விசைப்பலகைதான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலக்ட்ரானிக்சின் 'கோல்ட்' இயந்திர விசைப்பலகை இந்திய அலுவலகங்களுக்கும் அச்சுக்கோப்பு மையங்களுக்கும் நெடுநாள் பழக்கமானது. அதன் மூடிகளில் ஆங்கில எழுத்துகள் இருந்தபோதும், அவற்றைப் பார்க்காமலே பழைய தட்டச்சு முறையிலும் தமிழ்99 முறையிலும் தமிழ் எழுதிவிடலாம்.

எனினும் இரு இடங்களில் தேர்வு தமிழரைப் பாதிக்கிறது. முதலாவது, மொழி மாற்றம். விண்டோஸில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவ, விண்டோஸ் விசையுடன் இடைவெளிப் பட்டையை அழுத்துவார்கள். அதே எண்ணை அனுப்பும் விசையை மேக்கில் இடைவெளிப் பட்டையுடன் அழுத்தினால் தேடல் பெட்டி திறக்கும். மொழி மாறக் கண்ட்ரோலுடன் அழுத்த வேண்டும். இரு மொழிகளிலும் மாறி மாறி எழுதும் ஒருவர் இரு கணினிகளையும் பயன்படுத்தினால், ஒரு பத்திக்குள் பலமுறை தடுக்கி விழுவார். விசைகளை மாற்றிப் பதியக்கூடிய பலகையில் மொழி மாற்றத்துக்கென்றே ஒரு விசையை ஒதுக்கிவிடலாம். ஆங்கிலம் மட்டும் எழுதுபவருக்குச் சொகுசாகத் தோன்றும் இந்த வசதி, இருமொழிக்காரருக்கு அன்றாடத் தேவை.

இரண்டாவது, அளவு. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 அமைப்பில் உயிர் எழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் உள்ளன. ஆங்கிலத்தில் நிறுத்தக்குறிகளுக்குரிய சில விசைகளில் அங்கே எழுத்துகள் குடியிருக்கின்றன: சதுர அடைப்புக்குறி விசைகளில் 'ச', 'ஞ', அரைப்புள்ளி விசையில் 'ந', ஒற்றை மேற்கோள் விசையில் 'ய', சாய்கோட்டு விசையில் 'ழ'. ஏறத்தாழ 60 விசைகளும் அதற்கு மேலும் கொண்ட வழக்கமான பலகைகளில் இவை பத்திரமாக இருக்கும். ஆர்வலர்கள் விரும்பும் 40 விசை அளவிலான குறும்பலகைகளில் சதுர அடைப்புக்குறி விசைகள் பெரும்பாலும் இராது. ஆங்கிலத்தில் அது ஓரிரு குறிகளின் இழப்பு. தமிழில் ஒவ்வொரு 'ச'வுக்கும் வேறொரு விசையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டிய சுமை. மதிப்புரைகள் ஆங்கிலத் தட்டச்சை வைத்தே எழுதப்படுவதால் இந்தக் குறை அவற்றில் இடம்பெறுவதில்லை.

வாங்கும் முன்

இயங்குதளத்தின் பெயரைத் தேடுவதைவிட நான்கு கேள்விகளைக் கேட்பது பயன் தரும். விசைகளை மாற்றியமைக்க முடியுமா? அந்த மாற்றம் பலகைக்குள்ளேயே நிலைக்குமா? மாற்றும் மென்பொருள் தன்னிடம் உள்ள கணினியில் இயங்குமா? தான் எழுதும் மொழிக்குத் தேவையான விசைகள் அனைத்தும் பலகையில் உள்ளனவா? நான்குக்கும் "ஆம்" என்றால், மூடியில் இருப்பது எந்த நிறுவனத்தின் சின்னம் என்பது பொருட்டல்ல. மூடிகளைக் கழற்றி மாட்டலாம்.

மதிப்பீடு

வெவ்வேறு கணினிகளுக்கு ஏற்ற இயந்திர விசைப்பலகை வேண்டும் என்ற கோரிக்கை பொய்யானதல்ல. நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட மேக், லினக்ஸ் பயனர்களுக்கு அது பல நல்ல பலகைகளைப் பெற்றுத் தந்திருக்கிறது. அந்தக் கோரிக்கையைச் சந்தை புரிந்துகொண்ட விதமே குறைபாடுடையது. பயனர்கள் கேட்டது, தங்கள் விரல் பழகிய இடத்தில் விசை இருக்க வேண்டும் என்பதை. சந்தை தந்தது, பெரும்பாலும் அந்த விசையின் மீது ஒரு சின்னத்தை. விசை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையைப் பயனரிடமே விட்டுவிடும் விசைப்பலகை, இன்று இல்லாத கணினிக்கும் நாளை ஏற்றதாக இருக்கும்.